சிவப்புச் சட்டை முன்னால் போகிறான்

சிவப்புச் சட்டை தனியாகப் போய்விட்டான். போயே விட்டான், யாரும் துரத்தவில்லை, பின்னால் வந்த ஐந்தாறு பேரும் நீ முன்னால் போய் இழு, நீ போய் இழு என்று ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு பெடலை மிதிக்காமல் சும்மா உருட்டுகிறார்கள், பத்து வருஷமாக நான் காத்திருந்தது இந்த ஒரு நிமிஷத்துக்காக, இப்போது வாய்விட்டு ஒரு சத்தம்கூடப் போட முடியாது. போட்டால் எதிர்க் கட்டிலில் படுத்திருக்கும் அப்பாவுக்குக் கேட்டுவிடும். ஆபீஸ் மீட்டிங்கில் எவன் இப்படிக் கத்துவான் என்று நினைப்பார். மீட்டிங் என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஸ்டூலின் மேல் ஆபீஸ் லேப்டாப், காதில் இயர்போன், முகத்தில் வேலைக்களை. நடுநடுவே தலையை ஆட்டுகிறேன். சற்று முன்னால் ஒரு மேட்டில் ஒருவன் சறுக்கி விழுந்தபோது என்னை அறியாமல் உடம்பு தூக்கிப்போட்டது, அதைச் சமாளிக்க "ஓகே, ஷ்யூர்" என்று வேறு சொல்லிவைத்தேன், யாருமே இல்லாத மீட்டிங்கில். நாற்பத்தொரு வயசு. காதோரம் நரைத்தாகிவிட்டது. பாடப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகத்தை ஒளித்துவைத்துப் படிக்கிற பயல்கூட இவ்வளவு நடிக்க மாட்டான். "ஞாயித்துக்கிழமையுமா?" என்று அப்பா சாப்பிட்டதும் கேட்டார். பக்கவாதம் வந்ததிலிருந்து வாய் இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஒவ்வொரு சொல்லும் வெளியே வர நேரம் எடுக்கும். "வெளிநாட்டுக்காரங்கப்பா. பெல்ஜியம்" என்றேன். பொய்யிலும் ஒரு நாணயம், நாட்டை மட்டும் மாற்றவில்லை. "பெரிய எடம்" என்று அவர் தலையை ஆட்டிக்கொண்டதுதான் தாங்கவில்லை. அவருக்கு அதில் ஒரு பெருமை. அர்த்தநாரி டிரைவர் மகன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெல்ஜியத்துக்காரனோடு பேசுகிறான். இப்போதும் என்னையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார். கண் கொட்டாமல். வேலை செய்கிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை. நான் முகத்தை இன்னும் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொண்டு, எந்த விசையும் அழுந்தாதபடி விரல்களைக் கீபோர்டின் மேல் நடக்கவிடுகிறேன்.

சிவப்புச் சட்டைக்கும் பின்னால் வருபவர்களுக்கும் நடுவில் இப்போது முக்கால் நிமிஷம். போதாது. கல்பாவிய ரோட்டில் முக்கால் நிமிஷம் ஒன்றுமே இல்லை. இதையெல்லாம் யாரிடம் சொல்லிப் புரியவைப்பது, ஆத்தூரில் சைக்கிள் பந்தயம் என்றால் பொங்கலுக்கு மன்றத்துக்காரர்கள் நடத்தும் ஸ்லோ சைக்கிள், கடைசியாக வருகிறவனுக்கு எவர்சில்வர் குடம். ஜூலையில் பிரான்சில் மூன்று வாரம் நடப்பதைப் பற்றியாவது பேப்பரில் ஒரு மூலையில் போடுவான், இது அதுவும் இல்லை. இது வசந்தகாலத்துப் பந்தயம். அங்கே குளிர் விட்டும் விடாமலும் இருக்கிற மார்ச், ஏப்ரல். ஒரே நாள், இருநூறு இருநூற்றைம்பது கிலோமீட்டர், இன்றைக்கு விட்டதை நாளைக்குப் பிடிக்க முடியாது. இத்தாலியில் கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிக் கடற்கரை ஊரில் கொண்டுபோய் முடிக்கிற ஒன்று, வடக்குப் பிரான்சில் ஜெயித்தவன் கையில் கோப்பைக்குப் பதிலாக ரோட்டில் பதிக்கிற கருங்கல்லைத் தூக்கிக் கொடுக்கிற ஒன்று, நடுவில் பெல்ஜியத்தின் இந்தப் பந்தயங்கள், வயல், கோழிப் பண்ணை, தேவாலயக் கோபுரம், திடீரென்று சுவர்போல நிமிர்கிற குட்டி மேடு, ஜல்லி கொட்டிவிட்டுத் தார் போடாமல் ஓடிப்போன கான்ட்ராக்டர் வேலை மாதிரி ரோடு. ஓசூரில் ராத்திரி ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், பகலில் தூக்கம் வராமல் எதையோ தேடி எதிலோ போய் விழுந்தேன். முகமெல்லாம் சேறு பூசிய ஒருவன், கண் மட்டும் வெள்ளையாக, வாயைத் திறந்துகொண்டு மேடேறிக்கொண்டிருந்தான். அன்றைக்குப் பிடித்தது. என் சைக்கிள் இருபத்தொரு கியரோடு பால்கனியில் நிற்கிறது, அதில் துண்டு காயப்போடுவோம், அது வேறு விஷயம். வாட்ஸ்அப்பில் எங்களைப் போல ஒரு கூட்டம் இருக்கிறது, தமிழ்நாடு முழுக்கச் சல்லடை போட்டாலும் இருபது பேர் தேறாத கூட்டம். சிவப்புச் சட்டைக்காரனுக்கு அங்கே மாமா என்று பேர். முப்பத்தெட்டு வயசு. இந்தப் பந்தயத்தில் இரண்டாவது வந்திருக்கிறான், மூன்றாவது வந்திருக்கிறான், கடைசி மேட்டில் டயர் பஞ்சராகி ஓரமாக நின்று கையை விரித்திருக்கிறான், கூட இருக்கிற சின்னப் பையன்களை ஜெயிக்கவைத்துவிட்டுப் பின்னால் கைதட்டிக்கொண்டே வந்திருக்கிறான். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி வரைக்கும் பரிமாறிவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஏறிவிடுகிற தாய்மாமன் மாதிரி. இந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறான். அதனால்தான் இன்றைக்கு விட முடியவில்லை. இதை ஒரு காரணமாகச் சொல்லலாம் என்று நினைக்கும்போதே காது சுடுகிறது. யாரிடம் சொல்வது, கோகிலா அக்காவிடமா?

கோகிலா அக்கா சேலம் போயிருக்கிறாள். பத்தாம் வகுப்பில் கூடப் படித்தவர்கள் எல்லாரும் ஒரு ஓட்டலில் கூடுகிறார்கள். அப்பா விழுந்து எட்டு மாசமாகிறது, இந்த எட்டு மாசத்தில் அவள் மளிகைக் கடை, மருந்துக் கடை தாண்டி எங்கேயும் போகவில்லை. தயா, ஒரே ஒரு ஞாயித்துக்கிழம வந்து இருடா, காலைல போயிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குள்ள வந்துருவேன் என்று கேட்டாள். நான் என்ன செய்தேன்? காலண்டரைப் பார்த்தேன். அதைத்தான் செய்தேன். அக்கா, அடுத்த வாரம் வெச்சுக்கக் கூடாதா என்று கேட்டேன். ஏதோ நாற்பது பேர் என் சௌகரியத்துக்குத் தேதி மாற்றுவார்கள் என்பதுபோல. ஆபீஸ் கால் இருக்குக்கா என்றேன், அந்தப் பொய் அங்கே பிறந்ததுதான், பெங்களூரோ பெல்ஜியமோ எனக்கே அப்போது தெரியாது. "அப்படின்னா பரவால்லடா, நான் போகல" என்றாள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அந்தக் குரலில் இருந்த பழக்கம்தான் என்னை இங்கே இழுத்து வந்தது, பாசம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. வந்தேன், ஆனால் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்தேன். கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டியிருந்தாள், ஜாக்கெட் இறுக்கமாகிவிட்டது என்று சிரித்தாள், செருப்பு மாட்டுகிறவரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள். "ஒண்ணே ஒண்ணுதான் தயா. கட்டில் கம்பில ஸ்பூனால தட்டுவாரு. தட்டினா ஒடனே போயிரணும். கையப் புடிச்சு நிறுத்தினா நடந்துருவாரு, பாத்ரூம் பத்தடிதான். ஆனா தாங்காது அவருக்கு, வந்துருச்சுன்னா வந்துருச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னிக்கு வரைக்கும் ஒரு தடவகூடப் படுக்கைல போனதில்ல, தெரியுமா. ஆஸ்பத்திரிலயே டயப்பர் போடச் சொன்னாங்க. இவரு கையெடுத்துக் கும்பிட்டு வேணாம்னாரு. நானும் சரின்னேன். ஒரு தடவ ஆச்சுன்னா போட்டுக்கணும்ப்பான்னு பேச்சு. எனக்கும் இடுப்பு போச்சுடா, ராத்திரில துணி மாத்த முடியாது." அப்பா காதில் விழாமல் சொன்னதாக அவள் நினைத்தாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சேலத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தால் மதுரையில்தான் இறங்குவேன் என்று சொல்லிக்கொண்ட மனுஷன். டீ குடிக்க மாட்டார், தண்ணியைக்கூட வாயை நனைக்கத்தான் குடிப்பார், அந்த அடக்கம்தான் டிரைவருக்கு அழகு என்பார். அவருக்கு இந்த வீட்டில் மிச்சமிருக்கிற ஒரே மானம் அந்தப் பத்தடி. அதைத்தான் என்னிடம் ஒரு நாளைக்கு ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறாள். காலையிலிருந்து நாலு தடவை தட்டினார், நாலு தடவையும் ஓடினேன். நன்றாகத்தான் ஓடினேன். பந்தயம் அப்போது தொடங்கவில்லை.

மாமா அடுத்த மேட்டுக்கு வந்துவிட்டான். கடைசிக்கு முந்தின மேடு. இரண்டு பக்கமும் ஜனம், மஞ்சள் கொடி, பியர் டம்ளர், ஒருவன் கோழி வேஷம் போட்டுக்கொண்டு கூடவே ஓடுகிறான். மாமா உட்கார்ந்தபடியே மிதிக்கிறான், கல்லில் எழுந்து நின்றால் பின்சக்கரம் வழுக்கும், அது தெரிந்தவன். தோள் ஆடத் தொடங்கிவிட்டது. தோள் ஆடக்கூடாது. ஆடாதே. டிங் என்று ஒரு சத்தம். இயர்போனுக்கு வெளியே, தூரத்தில், வேறு யார் வீட்டிலோ பாத்திரம் விழுந்த மாதிரி. இல்லை, எனக்குத் தெரியும், அது எந்தப் பாத்திரமும் இல்லை. தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். ஒரு நிமிஷம்ப்பா. மீட்டிங்கில் இருக்கிறவர்கள் காட்டுகிற அதே விரல். அப்பா தலையை ஆட்டினார், ஸ்பூனை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். பார், தலையை ஆட்டிவிட்டார், அவசரமில்லை, மேடு முடியட்டும், மேடு முடிந்ததும் ஒரு நாலு கிலோமீட்டர் தார் ரோடு, அங்கே ஒன்றும் நடக்காது, அப்போது போகலாம், அவரும் இப்போதுதானே தட்டினார். மாமா உச்சிக்கு வந்துவிட்டான், பின்னால் நீலச் சட்டைக்காரன் ஒருத்தன் கூட்டத்தை விட்டுக் கிளம்புகிறான், ஐயோ, இவன் எப்போது கிளம்பினான், இளவயசு, வாயை மூடிக்கொண்டு ஏறுகிறான், வாயை மூடிக்கொண்டு மேடேறுகிறவனைப் பார்த்தாலே எனக்குப் பயம். இடைவெளி அரை நிமிஷமாகிவிட்டது. டிங். இந்தத் தடவை மெல்ல. தட்டலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத் தட்டின மாதிரி. நான் நிமிரவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினேன், பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற மாதிரி, சும்மா இருங்கள் என்கிற மாதிரி. அப்புறம் சத்தமில்லை. சத்தமில்லாதது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை நான் சொல்லியாக வேண்டும். தட்டவில்லை, ஆகவே அவசரமில்லை, பெரியவர்களுக்கு அப்படித்தான், வருகிற மாதிரி இருக்கும், போய்விடும். இப்படியெல்லாம் வக்கீல் மாதிரி ஒருத்தன் எனக்குள்ளே உட்கார்ந்து வாதாடிக்கொண்டிருந்தான், நான் அவனுக்குச் சரி சரி என்று சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தார் ரோடு வந்தது. நாலு கிலோமீட்டர் ஒன்றும் நடக்காத ரோடு. அங்கே நான் எழுந்திருக்க வேண்டும். நீலச் சட்டை நெருங்கிக்கொண்டிருந்தான். நான் எழுந்திருக்கவில்லை.

எழுந்திருக்கவில்லை, ஏதோ அசைந்தது என்று ஓரக்கண்ணால்தான் பார்த்தேன். அப்பா வலது கையால் போர்வையை இழுத்துக்கொண்டிருந்தார். கால்மாட்டில் மடித்துக் கிடந்த போர்வையை ஒரு கையால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இடுப்பு வரைக்கும் கொண்டுவந்து, அதை நீவிவிட்டு, கையை அதன் மேல் வைத்துக்கொண்டார். இந்தப் புழுக்கத்தில், ஃபேன் காற்றே சூடாக வருகிற ஏப்ரலில் எதற்குப் போர்வை? ஒரு கணம் எனக்கு உண்மையாகவே புரியவில்லை. இயர்போனைப் பிடுங்கினேன். கட்டிலுக்கு அடியில் சொட்டுகிற சத்தம் கேட்டது. ரெக்சின் மெத்தை, உறிஞ்சாது, ஓரத்தில் வழிந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போனதும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தெரியாம ஆயிருச்சு தயா" என்றார். இரண்டு தடவை தட்டின மனுஷன், தெரியாமல் ஆகிவிட்டது என்கிறார். மன்னிப்புக் கேட்கிற குரல். என்னிடம். "பரவால்லப்பா" என்று நான் சொன்னேன், பெரிய மனசு பண்ணி. பரவாயில்லை என்று சொல்வதற்கு நான் யார், அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததும் அதைத் திருப்பி விழுங்கிவிடலாம்போல இருந்தது. தூக்கி உட்காரவைத்தேன், கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டார், நிறுத்தினேன், நடந்தோம். வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. பத்தடி. ஸ்டூலைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது என் கண் திரைக்குப் போனது. அப்பாவின் பாரம் முழுக்க என் தோளில் இருக்கிறபோது, அவர் ஈரம் என் லுங்கியில் படுகிறபோது, கண் போனது, என் கண்தான், வேறு யாருடையதும் இல்லை. சிவப்புச் சட்டை இன்னும் முன்னால் இருந்தான். நீலச் சட்டை பின்னாலேயே. கையை நீட்டி மூடியை அறைந்து சாத்தினேன். அப்போது சாத்தி என்ன?

பாத்ரூமில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து வேட்டியை அவிழ்த்தபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டிருப்பேன், ஆனால் கழுவ வேண்டும். தொடை இரண்டும் குச்சியாகிவிட்டன, கிளட்சும் பிரேக்கும் மிதித்து மிதித்து ஒரு காலத்தில் தூண் மாதிரி இருந்த தொடை. மக்கில் தண்ணீர் எடுத்து ஊற்றினேன், டேங்க் தண்ணீர் வெயிலில் வெந்நீராக இருந்தது, சூடாப்பா என்றேன், இல்லையென்று தலையசைத்தார். அந்தத் தண்ணீர் சத்தத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது, வந்திருக்கவே வேண்டாம். இந்தப் பந்தயங்களில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் எழுதாத வழக்கம். ஐந்தாறு மணி நேரம் மிதிக்கிறவர்களுக்கு ஒன்றுக்கு வராமலா இருக்கும், பெரிய ஆள் ஒருவன் ஓரமாக நிறுத்தினால், கூட்டம் அந்த நேரம் பார்த்து அவனை விட்டுவிட்டுப் பாய்ந்து போகாது. வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பத்துப் பதினைந்து பேர் தாங்களும் நிறுத்துவார்கள், அவன் வந்து சேர்ந்த பிறகுதான் சண்டை. டிவிக்காரனும் கேமராவைத் திருப்பி ஒரு கோட்டையையோ மாட்டையோ காட்டிக்கொண்டிருப்பான். இந்த வழக்கத்தைப் பற்றி எங்கள் வாட்ஸ்அப் கூட்டத்தில் நான் ஒரு பெரிய பத்தியே எழுதியிருக்கிறேன். கிரிக்கெட்டில் இருக்கிறதா இது, ஃபுட்பாலில் இருக்கிறதா, ஒரு மனுஷன் ஒன்றுக்குப் போவதற்காக நூற்றைம்பது பேர் காத்திருக்கிற நாகரிகம் வேறு எந்த விளையாட்டில் உண்டு என்று கேட்டிருந்தேன். கைதட்டல் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒருவர் அதைத் தன் குடும்பக் குழுவுக்கே அனுப்பியிருந்தார். நாகரிகம். லேப்டாப்பில் நிறுத்தி வைக்கிற பட்டன் இருந்தது. நேரலைதான், ஆனால் நிறுத்தலாம், திரும்ப வந்து விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம், ஒரு மயிரும் குறைந்துபோகாது. எல்லாரும் பார்க்கிற அதே நொடியில் நானும் பார்க்க வேண்டும், முடிந்ததும் குழுவில் முதல் ஆளாகப் போட வேண்டும், அதற்காக. வேறு ஒன்றுக்காகவும் இல்லை. சோப்புப் போட்டேன், கழுவினேன், துடைத்தேன். "போதும்ப்பா" என்றார், கண்ணைத் திறக்காமல். என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன், அதுகூட என் சௌகரியத்துக்காக நினைத்ததுதான்.

வேட்டி மாற்றி, நாற்காலியில் உட்காரவைத்து, மெத்தையைத் துடைத்து, புது விரிப்புப் போட்டு, திரும்ப அவரைப் படுக்கவைத்துத் தரையை டெட்டால் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கோகிலா அக்கா. துடைக்கிற துணியைக் கீழே போட்டுவிட்டு எடுத்தேன். பஸ் ஸ்டாண்டு இரைச்சல். "கெளம்பிட்டேன்டா. யம்மா, என்னா பேச்சு, வாய் வலிக்குது. எல்லாரும் நீ மட்டும் அப்படியே இருக்கடிங்கறாங்க" என்று சிரித்தாள். இவள் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று. "அப்பா எப்படிடா? ஒண்ணும் தொந்தரவில்லையே?" நான் வாயைத் திறந்தேன். நல்லா இருக்கார் என்று சொல்லலாம், விரிப்பைத் துவைத்துக் கொடியில் போட்டால் இவள் வருவதற்குள் பாதி காய்ந்துவிடும், தண்ணி கொட்டிவிட்டது என்றுகூடச் சொல்லலாம், வக்கீல் மறுபடியும் எழுந்து நின்றுவிட்டான். நான் பேசாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரமே அவளுக்குப் போதுமாக இருந்தது. "என்னடா? போனை ஸ்பீக்கர்ல போட்டு அப்பா கிட்ட வை" என்றாள். வைத்தேன். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "கோகி... படுக்கைல ஆயிருச்சும்மா." அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன். "தட்டலீங்களாப்பா?" என்றாள். "தட்டல. அசந்து தூங்கிட்டேன். வந்ததே தெரியல" என்றார் அப்பா, ஒவ்வொரு சொல்லாக, எனக்கு எட்டாத ஏதோ ஒரு இடத்திலிருந்து எடுத்துவைக்கிற மாதிரி. "தயா எங்க போனான்?" "அவன் ஆபீஸ் வேலையா இருந்தான். பாவம், அவன் என்ன பண்ணுவான். நல்லா கழுவி விட்டுட்டான்." வந்தது தெரியவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "அப்படின்னா... வர்ற வழில மெடிக்கல்ல டயப்பர் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்துர்றேன்ப்பா. கோவிச்சுக்காதீங்க" என்றாள். "கோவம் என்னம்மா. வாங்கிட்டு வா" என்றார். இவ்வளவுதான். கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றவர், வாங்கிட்டு வா என்கிறார். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன், போனைப் பிடிக்கிற கம்பி மாதிரி. அவள் வைத்துவிட்டாள்.

ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டெட்டால் வாசனை. எதற்கு அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்க வேண்டும், கேட்டால் நான் முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியிருக்கும், அதனால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் என்னை நம்பிக் காப்பாற்றுகிறார், பெல்ஜியத்துக்காரனோடு பேசுகிற மகனை, அவன் வேலைக்கு ஒரு குறை வந்துவிடக் கூடாது என்று. அப்படித்தான் நினைத்தேன். அப்பா என் கையைத் தொட்டார். "தயா" என்றார். "சேப்புச் சட்டக்காரனப் புடிச்சுட்டாங்களா?" எனக்குக் காதில் விழுந்தது மண்டைக்கு ஏறவில்லை. என்னப்பா என்றேன். அவர் கண் என்னைத் தாண்டிப் பின்னால் போனது. திரும்பினேன். நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் சற்று ஓரமாக பீரோ, அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடியில் ஸ்டூல், ஸ்டூலின் மேல் மூடின லேப்டாப். மூடாமல் இருந்தபோது அதன் திரை அங்கே முழுசாகத் தெரிந்திருக்கும், சைக்கிள், மேடு, கொடி, கோழி வேஷக்காரன், எல்லாம் வலம் இடம் மாறி. நான் தலையாட்டினதும் தெரிந்திருக்கும். விசை அழுத்தாமல் விரலை நடக்கவிட்டதும், விழுந்தவனுக்காக "ஓகே, ஷ்யூர்" சொன்னதும். சாயங்காலம் முழுக்க அவர் பார்த்தது என்னை இல்லை, கண்ணாடியை, அல்லது இரண்டையும். எல்லாம் தெரிந்துதான் ஸ்பூனை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். தெரிந்துதான் இரண்டாவது தடவை மெல்லத் தட்டினார். அவர் முன்னால் நான்தான் வேட்டியில்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது. "பாக்கலப்பா. மூடிட்டேன்" என்றேன். "அடடா" என்றார். "பாக்கலையா. அவ்வளவு தூரம் தனியா வந்தானே." குத்தலாகச் சொல்லவில்லை. இறங்கின வாயில் அப்படியே வருத்தம் இருந்தது, எனக்கு ஒன்று கிடைக்காமல் போய்விட்டதே என்கிற வருத்தம். "போய்ப் பாரு, இன்னும் முடிஞ்சிருக்காது" என்றார்.

நான் ஸ்டூல் பக்கம் போகவில்லை. போனில் அக்கா நம்பரை அழுத்தினேன். கை ஈரத்தில் இரண்டு தடவை வழுக்கியது. அப்பா வேண்டாம் என்று கையை ஆட்டினார், நான் அவர் கட்டிலிலேயே, புது விரிப்பின் மேல் உட்கார்ந்துகொண்டேன். அக்கா உடனே எடுத்தாள். "சொல்லுடா. பஸ் ஸ்டாண்டு மெடிக்கல்லதான் நிக்கறேன், பெருசா மீடியமான்னு கேக்கறாரு" என்றாள். "வாங்காதக்கா" என்றேன். "ஏண்டா?" "அப்பா தூங்கல. தட்டினாரு. ரெண்டு தடவ தட்டினாரு. நாந்தான் போகல. ஆபீஸ் காலும் இல்ல ஒண்ணும் இல்ல, சைக்கிள் ரேஸ் பாத்துட்டு இருந்தேன்." அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பவில்லை, என் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. போனில் கடைக்காரர் எந்தச் சைஸும்மா என்று மறுபடியும் கேட்பது கேட்டது. "வேணாங்க, வெச்சுருங்க" என்று அக்கா அவருக்குத்தான் பதில் சொன்னாள், எனக்கு இல்லை.